கம்ப்ரசர் பெடல்

கம்ப்ரசர் பெடல் என்பது மின்கிட்டார், பேஸ் கிட்டார் ஆகிய இசைக்கருவிகளில் இருந்து வரும் ஒலிக் குறிகையின் உரத்த பகுதிகளைத் தானாகவே தணித்து, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் ஓர் இலத்திரனியல் கருவி ஆகும். காலால் மிதித்து இயக்கவும் நிறுத்தவும் ஏற்ற சிறிய பெட்டியாக அமைவதால் இது பெடல் என்று அழைக்கப்படுகின்றது. தமிழில் இதனை ஒலி ஒடுக்கி எனலாம். கிட்டாருக்கும் பெருக்கிக்கும் இடையில் இது இணைக்கப்படுகின்றது.

ஒலியைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன், எதிரொலி தரும் டிலே போன்ற பெடல்களின் விளைவு கேட்ட உடனேயே புலப்படும். கம்ப்ரசரின் விளைவு அவ்வாறு வெளிப்படையானது அன்று. அளவாக அமைக்கப்பட்ட கம்ப்ரசர் இயங்கும்போது பலருக்கும் அது தெரிவதில்லை. அதை நிறுத்தும்போதே வேறுபாடு உணரப்படுகின்றது. கிட்டார் கற்போர் பலர் இக்கருவியைப் பிழையாக விளங்கிக் கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

கணினிக் கோப்புகளின் அளவைக் குறைக்கும் தரவுச் சுருக்கமும் இதுவும் ஒன்றல்ல. எம்பி3 போன்ற முறைகள் தரவின் அளவைச் சுருக்குகின்றன. கம்ப்ரசர் பெடல் ஒலியின் இயக்க வீச்சைச் சுருக்குகின்றது.

இயக்க வீச்சு

ஓர் ஒலியின் மிக உரத்த நிலைக்கும் மிக மெல்லிய நிலைக்கும் இடையே உள்ள வேறுபாடு இயக்க வீச்சு எனப்படும். இது டெசிபல் என்னும் அலகால் அளக்கப்படுகின்றது. குறிகையின் மின்னழுத்தம் இரு மடங்கானால் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். 10 மடங்கானால் 20 டெசிபல் உயரும்.

கிட்டார் தந்தியை மீட்டிய கணத்தில் குறிகை கூர்மையாக உச்சத்தை அடைகின்றது. பின்னர் விரைவாகச் சற்றுத் தாழ்ந்து, அதன் பின் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகின்றது. விரல் தந்தியைத் தாக்கும் வலு, தந்தியின் தடிப்பு, மீட்டும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு சுரத்தின் உச்சமும் மாறுபடும். தனியே வாசிக்கும்போது இவ்வேறுபாடு இசைக்கு உயிர் தருகின்றது. ஆனால் முரசுத் தொகுதி, விசைப்பலகை, பாடகர் ஆகியோருடன் சேர்ந்து வாசிக்கும்போது மெல்லிய சுரங்கள் பிற ஒலிகளுக்குள் மறைந்துவிடுகின்றன. உரத்த சுரங்கள் துருத்திக்கொண்டு கேட்கின்றன. கம்ப்ரசர் இச்சிக்கலுக்கான ஒரு தீர்வு ஆகும்.

செயற்படும் முறை

ஒருவர் ஒலி அளவுக் குமிழில் கை வைத்தபடி இசையைக் கவனித்துக் கொண்டிருப்பதாகக் கொள்ளலாம். ஒலி உரத்தவுடன் அவர் குமிழைத் தாழ்த்துகின்றார். ஒலி தணிந்தவுடன் மீண்டும் பழைய நிலைக்கு உயர்த்துகின்றார். கம்ப்ரசர் இதே வேலையை மனிதக் கையால் இயலாத வேகத்தில் செய்கின்றது.

இதற்காக மின்சுற்றில் இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவது, ஒலிக் குறிகை செல்லும் முதன்மைப் பாதை. பெருக்கத்தை மாற்றக்கூடிய ஓர் உறுப்பு இதில் உள்ளது. இரண்டாவது, கண்டறியும் பாதை. இது குறிகையின் ஒரு பகுதியை எடுத்து, நேர்மின்னோட்டமாகத் திருத்தி, ஒரு மின்தேக்கியில் சேமிக்கின்றது. அந்த மின்தேக்கியின் மின்னழுத்தம் ஒலியின் அளவைப் பின்பற்றி மாறுகின்றது. அதுவே முதன்மைப் பாதையின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றது.

கண்டறியும் பாதை குறிகையைப் பெருக்க உறுப்புக்கு முன்னரே எடுத்தால் அது முன்னூட்ட அமைப்பு எனப்படும். பெருக்க உறுப்புக்குப் பின்னர் எடுத்தால் பின்னூட்ட அமைப்பு எனப்படும். பழைய கம்ப்ரசர்கள் பலவும் பின்னூட்ட அமைப்பைக் கொண்டவை.

கட்டுப்பாடுகள்

ஒரு கம்ப்ரசரின் செயற்பாட்டைப் பின்வரும் அளவுகள் தீர்மானிக்கின்றன. எல்லாப் பெடல்களிலும் இவை அனைத்திற்கும் தனித்தனிக் குமிழ்கள் இருப்பதில்லை.

வரம்பு மட்டம்: 'திரெஷோல்டு' என்று குறிக்கப்படுவது. குறிகை இம்மட்டத்தைத் தாண்டும்போது மட்டுமே ஒடுக்கம் தொடங்குகின்றது. அதற்குக் கீழ் உள்ள ஒலி மாற்றமின்றிச் செல்கின்றது.

விகிதம்: 'ரேஷியோ' என்று குறிக்கப்படுவது. வரம்பைத் தாண்டிய பகுதி எவ்வளவு ஒடுக்கப்படுகின்றது என்பதை இது காட்டுகின்றது. விகிதம் 4:1 எனில், உள்ளீடு வரம்பை 8 டெசிபல் தாண்டும்போது வெளியீடு 2 டெசிபல் மட்டுமே தாண்டும். விகிதம் 10:1 அல்லது அதற்கு மேற்பட்டால் அக்கருவி பொதுவாக லிமிட்டர் எனப்படுகின்றது.

பிடிநேரம்: 'அட்டாக்' என்று குறிக்கப்படுவது. குறிகை வரம்பைத் தாண்டிய பின் ஒடுக்கம் முழுமையாகச் செயற்பட எடுக்கும் காலம் இதுவாகும். பிடிநேரம் மிகக் குறுகியதாக இருந்தால் மீட்டலின் தொடக்கக் கூர்மை மழுங்கும். சற்று நீண்டதாக இருந்தால் அக்கூர்மை ஒடுக்கப்படாமல் தப்பிச் சென்று, அதைத் தொடரும் பகுதி மட்டும் ஒடுக்கப்படும்.

விடுநேரம்: 'ரிலீஸ்' என்று குறிக்கப்படுவது. ஒலி வரம்புக்குக் கீழ் இறங்கிய பின் பெருக்கம் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் காலம் இதுவாகும்.

வளைவு: 'நீ' என்று குறிக்கப்படுவது. ஒடுக்கம் வரம்பு மட்டத்தில் சட்டெனத் தொடங்குகின்றதா அல்லது படிப்படியாகத் தொடங்குகின்றதா என்பதை இது குறிக்கின்றது.

வெளியீட்டு அளவு: ஒடுக்கத்தால் குறைந்த ஒலியை ஈடுசெய்து உயர்த்துவதற்கான குமிழ்.

பல கிட்டார் பெடல்களில் 'சஸ்டெயின்' அல்லது 'சென்சிடிவிட்டி' என்ற ஒரே குமிழ், வரம்பு மட்டம், உள்ளீட்டுப் பெருக்கம் ஆகியவற்றின் வேலையைச் சேர்த்துச் செய்கின்றது. அதைக் கூட்டினால் ஒடுக்கம் கூடும்.

ஒலி நீடிப்பு

கம்ப்ரசர் தந்தியின் ஒலியை நீடிக்கச் செய்கின்றது என்று பரவலாகக் கூறப்படுகின்றது. இது ஓரளவே உண்மை. தந்தியின் அதிர்வுக்குக் கம்ப்ரசர் புதிதாக ஆற்றல் எதையும் வழங்குவதில்லை. ஒலி தேயும் வேகத்தை மட்டுமே அது மாற்றிக் காட்டுகின்றது. இதனைப் பின்வரும் எடுத்துக்காட்டு விளக்கும்.

ஒரு சுரத்தின் உச்சம் வரம்பு மட்டத்திற்கு மேல் 20 டெசிபல் எனவும், விகிதம் 4:1 எனவும் கொள்வோம். அப்போது வெளியீடு வரம்பிற்கு மேல் 5 டெசிபல் மட்டுமே இருக்கும். அதாவது 15 டெசிபல் ஒடுக்கப்படுகின்றது. வெளியீட்டு அளவை 15 டெசிபல் உயர்த்தினால் உச்சம் மீண்டும் பழைய அளவை அடையும். இனி, அச்சுரம் வினாடிக்கு 10 டெசிபல் வீதம் தேய்வதாகக் கொண்டால், 2 வினாடிகளில் உள்ளீடு 20 டெசிபல் குறைந்து வரம்பு மட்டத்தை அடையும். ஆனால் வெளியீடு அதே 2 வினாடிகளில் 5 டெசிபல் மட்டுமே குறையும். கம்ப்ரசர் இல்லாதபோது அரை வினாடியில் ஏற்படும் தேய்வு, இப்போது 2 வினாடிகளில் ஏற்படுகின்றது. செவி இதனையே நீடிப்பாக உணர்கின்றது. வரம்புக்குக் கீழ் இறங்கிய பின் சுரம் தன் இயல்பான வேகத்திலேயே தேய்கின்றது.

இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. உயர்த்தப்பட்ட அந்த 15 டெசிபல், மின்னழுத்தக் கணக்கில் ஏறத்தாழ 5.6 மடங்கு ஆகும். கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் பற்றும் மின்சார இரைச்சல், முன்னால் உள்ள பிற பெடல்களின் இரைச்சல், தந்தியில் விரல் உரசும் ஒலி ஆகிய அனைத்தும் அதே அளவுக்கு உயர்கின்றன. கம்ப்ரசரை இயக்கியதும் இரைச்சல் கூடுவதால் பெடல் பழுதடைந்துள்ளது எனச் சிலர் கருதுவர். பெரும்பாலும் அது பழுதன்று. கருவியின் இயல்பான விளைவே ஆகும்.

மின்சுற்று வகைகள்

பெருக்கத்தை மாற்றும் உறுப்பின் அடிப்படையில் கம்ப்ரசர்கள் பல வகைப்படும்.

ஓ.டி.ஏ. வகை: உள்வரும் மின்னழுத்தத்திற்கு ஏற்ப மின்னோட்டத்தை வெளியிடும் தொகுப்புச்சுற்று இதில் பயன்படுகின்றது. ஒரு கட்டுப்பாட்டு மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் இதன் பெருக்கத்தை மாற்றலாம். ஆர்.சி.ஏ. நிறுவனம் உருவாக்கிய சி.ஏ.3080 இவ்வகைப் பெடல்களில் புகழ்பெற்ற தொகுப்புச்சுற்று ஆகும். இவ்வகையின் பல பெடல்களில், வாசிக்காத நேரத்தில் பெருக்கம் மிக உயர்ந்த நிலையில் இருக்கும். ஆகவே இடைவெளிகளில் இரைச்சல் எழுவது கேட்கும்.

ஒளியியல் வகை: கட்டுப்பாட்டுக் குறிகை ஒரு சிறு விளக்கை ஒளிரச் செய்கின்றது. அவ்வொளி ஒளியுணர் மின்தடையத்தின் மீது விழும்போது அதன் தடை மாறுகின்றது. அதனால் பெருக்கமும் மாறுகின்றது. ஒளியுணர் மின்தடையம் பழைய நிலைக்கு மெதுவாகவே திரும்பும் என்பதால் இவ்வகையின் ஒடுக்கம் மென்மையாகக் கேட்கும்.

புல விளைவு டிரான்சிஸ்டர் வகை: டிரான்சிஸ்டரை மாறும் மின்தடையம் போலப் பயன்படுத்துவது. மிக வேகமான பிடிநேரம் இதன் சிறப்பு ஆகும்.

வி.சி.ஏ. வகை: மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் பெருக்கியைக் கொண்டது. எல்லா அளவுகளையும் துல்லியமாக அமைக்க இயலும்.

வெற்றிடக் குழல் வகை: குழலின் பெருக்கத்தை மாற்றி ஒடுக்குவது. ஒலிப்பதிவுக் கூடக் கருவிகளில் மிகுதியாகவும் பெடல்களில் அரிதாகவும் காணப்படுகின்றது.

எண்முறை வகை: குறிகையை எண்களாக மாற்றிக் கணிப்பின் மூலம் ஒடுக்குவது. தாழ், இடை, உயர் அதிர்வெண்களைத் தனித்தனியே ஒடுக்கும் பல்பட்டைக் கம்ப்ரசர்களை இம்முறையில் சிறிய பெட்டியிலேயே அமைக்க முடிகின்றது.

வரலாறு

ஒலி ஒடுக்கம் கிட்டாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1930களில் வானொலி நிலையங்கள், பேச்சோ இசையோ திடீரென உரத்து ஒலிபரப்பியின் எல்லையை மீறாமல் இருக்க இத்தகைய பெருக்கிகளைப் பயன்படுத்தத் தொடங்கின. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், ஆர்.சி.ஏ. ஆகிய நிறுவனங்கள் இவற்றைத் தயாரித்தன.

பின்னர் ஒலிப்பதிவுக் கூடங்கள் இவற்றை ஏற்றுக்கொண்டன. 1950களின் இறுதியில் ரெயின் நார்மா வடிவமைத்த ஃபேர்சைல்டு 670 என்ற இருதடக் கருவியில் 20 வெற்றிடக் குழல்கள் இருந்தன. 1960களில் ஜிம் லாரன்ஸ் வடிவமைத்த டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ-2ஏ ஒளியியல் முறையைப் பரவலாக்கியது. 1967-இல் பில் புட்னம் வடிவமைத்த 1176 என்ற கருவி புல விளைவு டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தியது. அதன் பிடிநேரம் 20 மைக்ரோ வினாடி அளவுக்குக் குறுகியது. இன்றைய பெடல்கள் பலவும் இந்தக் கூடக் கருவிகளின் குணங்களைச் சிறு பெட்டிக்குள் கொண்டுவர முயல்பவையே.

கிட்டார் ஒலியின் அடையாளமாகவே ஒடுக்கம் மாறியதற்கு, தி பைர்ட்ஸ் குழுவின் 1965 ஆம் ஆண்டுப் பதிவுகள் ஒரு தொடக்க கால எடுத்துக்காட்டு ஆகும். ரோஜர் மெக்வின் வாசித்த 12 தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரின் மணியோசை போன்ற நீண்ட ஒலிக்கு, பதிவின்போது வலுவாகப் பயன்படுத்தப்பட்ட ஒடுக்கம் ஒரு முக்கிய காரணம் ஆகும்.

பெடல் வடிவிலான கம்ப்ரசர்கள் 1970களில் பரவலாயின. கீத் பார், டெர்ரி ஷெர்வுட் ஆகியோர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் தொடங்கிய எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம், 1970களின் நடுப்பகுதியில் டைனா காம்ப் என்ற பெடலை வெளியிட்டது. சிவப்பு நிறப் பெட்டியும் இரண்டே குமிழ்களும் கொண்ட இது சி.ஏ.3080 தொகுப்புச்சுற்றைப் பயன்படுத்தியது. பின்னர் வந்த ராஸ் கம்ப்ரசரின் சுற்று இதனை மிகவும் ஒத்திருந்தது. அதே காலத்தில் டேன் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய ஆரஞ்சு ஸ்குவீசர், கிட்டாரின் செருகுவாயிலேயே நேரடியாகச் செருகக்கூடிய சிறு பெட்டியாக இருந்தது.

சப்பானின் ரோலண்டு குழுமத்தைச் சேர்ந்த பாஸ் நிறுவனம் 1978-இல் சி.எஸ்-1, 1981-இல் சி.எஸ்-2, 1986-இல் சி.எஸ்-3 ஆகியவற்றை வெளியிட்டது. எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் 1984-இல் மூடப்பட்டது. 1987-இல் ஜிம் டன்லப் நிறுவனம் அப்பெயரை வாங்கி, டைனா காம்ப் உள்ளிட்ட பெடல்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. 2000களில் ராபர்ட் கீலி உள்ளிட்ட சிறு தயாரிப்பாளர்கள் ராஸ் சுற்றை அடிப்படையாகக் கொண்டு இரைச்சல் குறைந்த பெடல்களை உருவாக்கினர். பிரித்தானியாவின் ஆரிஜின் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தின் காலி76 வரிசை, 1176 கருவியை முன்மாதிரியாகக் கொண்டது.

இசையில் பயன்பாடு

அமெரிக்க நாட்டுப்புற இசையான கன்ட்ரி இசையில், தந்தியைச் சுண்டி வாசிக்கும் வேகமான பகுதிகளில் எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் தெளிவாக ஒலிக்கக் கம்ப்ரசர் பயன்படுகின்றது. ஃபங்க் இசையில் தாளத்திற்கேற்பக் குறுக்கி வெட்டி மீட்டும் ஒலியை இது சமப்படுத்துகின்றது. கண்ணாடி அல்லது உலோகக் குழாயைத் தந்தியின் மீது வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறையில் சுரங்கள் நீண்டு ஒலிக்க வேண்டும். லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ் இதற்காக ஒடுக்கத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர், தி போலிஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ் ஆகியோரும் டைனா காம்ப் பெடலைப் பயன்படுத்தியோருள் அடங்குவர்.

பேஸ் கிட்டாரில் கம்ப்ரசர்

பேஸ் கிட்டார் இசைக்குழுவின் அடித்தளமாக ஒலிப்பதால் அதன் ஒலி அளவு சீராக இருப்பது முக்கியமானது. பெருவிரலால் அடித்தும் பிற விரல்களால் இழுத்துவிட்டும் வாசிக்கும் ஸ்லாப் முறையில் மிகக் கூர்மையான உச்சங்கள் தோன்றுகின்றன. இவை பெருக்கியின் எல்லையை மீறக்கூடும். ஒலிபெருக்கியையும் பாதிக்கக்கூடும். ஆகவே பேஸ் வாசிப்போர் கம்ப்ரசரையோ லிமிட்டரையோ பயன்படுத்துகின்றனர்.

கிட்டாருக்குப் பொருந்தும் அமைப்பு பேஸ் கிட்டாருக்கு அப்படியே பொருந்துவதில்லை. இதற்கான காரணம் அதிர்வெண்ணில் உள்ளது. கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82.4 ஏர்ட்சில் அதிர்கின்றது. அதன் ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 12 மில்லி வினாடி ஆகும். நான்கு தந்திப் பேஸின் தாழ்ந்த தந்தி 41.2 ஏர்ட்சில் அதிர்கின்றது. ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 24 மில்லி வினாடி. ஐந்து தந்திப் பேஸின் தாழ்ந்த தந்திக்கு இது 32 மில்லி வினாடி அளவு ஆகும். பிடிநேரமும் விடுநேரமும் இவற்றைவிடக் குறுகியவையாக இருந்தால், கம்ப்ரசர் சுரத்தின் ஒட்டுமொத்த அளவைப் பின்பற்றாமல் ஒவ்வொரு அலையின் மேடு பள்ளங்களையும் பின்பற்றத் தொடங்கும். அப்போது அலையின் வடிவமே மாறி ஒலி கரகரப்பாகின்றது. எனவே பேஸ் கிட்டாருக்குப் பொதுவாகச் சற்று நீண்ட நேரங்கள் ஏற்றவை.

தாழ்ந்த சுரங்களின் ஆற்றல் மிகுதி என்பதால், அவை கண்டறியும் பாதையை ஆட்கொண்டு முழு ஒலியையும் தேவைக்கு மேல் அமுக்கிவிடும். இதனைத் தவிர்க்கச் சில பெடல்களின் கண்டறியும் பாதையில் மட்டும் தாழ் அதிர்வெண்களைக் குறைக்கும் வடிகட்டி உள்ளது. மேலும், ஒடுக்கிய ஒலியுடன் ஒடுக்காத ஒலியைக் கலக்கும் 'பிளெண்டு' குமிழும் பல பெடல்களில் உண்டு. இதனால் விரலின் தாக்கம் இழக்கப்படாமலே ஒலி நிறைவு பெறுகின்றது.

பெடல் வரிசையில் இடம்

கம்ப்ரசர் பொதுவாகக் கிட்டாருக்கு அடுத்து, டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன் வைக்கப்படுகின்றது. டிஸ்டார்ஷன் பெடல் குறிகையின் உச்சங்களை வெட்டுவதால் அதுவே இயல்பாக இயக்க வீச்சைக் குறைக்கின்றது. அதற்குப் பின் மேலும் ஒடுக்கினால் இரைச்சலே மிகுதியாக உயரும். மீட்டும் வலுவுக்கேற்ப மாறும் ஆட்டோ வா போன்ற பெடல்கள் கம்ப்ரசருக்கு முன் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால், ஏற்கெனவே சமப்படுத்தப்பட்ட குறிகையே அவற்றைச் சென்றடைவதால் அவை சரியாகச் செயற்படா. ஒலியைப் படிப்படியாக எழுப்பப் பயன்படும் ஒலி அளவு மிதியை இதே காரணத்தால் கம்ப்ரசருக்குப் பின் வைப்பர். முன் வைத்தால் மிதியால் குறைக்கும் ஒலியைக் கம்ப்ரசர் ஓரளவு ஈடுசெய்துவிடும்.

குறைகளும் விமர்சனங்களும்

மிகுதியான ஒடுக்கம் இசையின் ஏற்ற இறக்கத்தை அழிக்கின்றது. மெல்ல மீட்டினாலும் வலுவாக மீட்டினாலும் ஒரே அளவில் ஒலித்தால், வாசிப்பவரின் உணர்ச்சி கேட்போரைச் சென்றடையாது. பிடிநேரமும் விடுநேரமும் பொருந்தாவிட்டால் ஒலி மூச்சு வாங்குவது போல எழுந்து தாழும். மேடையில், உயர்த்தப்பட்ட பெருக்கத்தால் பின்னூட்டக் கீச்சொலி எளிதில் எழக்கூடும்.

கம்ப்ரசர் வாசிப்பின் குறைகளை மறைக்கின்றது என்பது நீண்டகால விமர்சனம் ஆகும். இதில் ஓரளவு உண்மை உண்டு. சுரங்களின் வலுவில் உள்ள சீரின்மையைப் பெடல் மறைத்துவிடுவதால், அதனுடனேயே பயிலும் மாணவர் தம் விரல்களில் உள்ள குறையைக் கேட்க வாய்ப்பில்லாமல் போகின்றது. அதே வேளையில் தாளப் பிழையையோ சுருதிப் பிழையையோ கம்ப்ரசர் மறைப்பதில்லை. தவறுதலாகத் தீண்டப்பட்ட பிற தந்திகளின் ஒலியை அது மேலும் வெளிப்படுத்திவிடும். இக்காரணங்களால் பயிற்சியின்போது கம்ப்ரசரைத் தவிர்ப்பதும், குழுவோடு வாசிக்கும்போதும் பதிவின்போதும் தேவைக்கேற்பப் பயன்படுத்துவதும் நல்ல முறை எனக் கருதப்படுகின்றது.

பெடல்களை ஒப்பிடும்போது ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. சற்று உரத்த ஒலியே சிறந்த ஒலியாகச் செவிக்குத் தோன்றும். ஆகவே, பெடல் இயங்கும் நிலையிலும் நின்ற நிலையிலும் ஒலி அளவு சமமாக இருக்கும்படி வெளியீட்டுக் குமிழை அமைத்த பின்னரே, ஒடுக்கம் உண்மையில் பயன் தருகின்றதா என்பதைத் தீர்மானிக்க முடியும்.

இவற்றையும் பார்க்க

மின்கிட்டார்
பேஸ் கிட்டார்
பெருக்கி
டெசிபல்
ஒலிப்பதிவு